விதையோடு போகும் உயிர்: நெல் தரிசு உளுந்தும் விதை நேர்த்தியும்



பயறு வகைப் பயிர்களில் தழைச்சத்து நிலைநிறுத்தம் பற்றிப் பேச வேண்டும் என்று இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையார் கேட்டுக்கொண்டார்கள். பரந்த தலைப்பு. அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காவிரி டெல்டாவின் நெல் தரிசு உளுந்து. அதிலும் விதைப்பதற்கு முந்திய ஒரு நாள். அந்த ஒரு நாளில் விதைக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் இன்றைய என் பேச்சு.

ஏன் அந்த ஒரு நாள்? நெல் தரிசில் உளுந்து எப்படிப் போடப்படுகிறது என்பது இங்கே இருக்கும் உழவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாணவர்களுக்காகச் சொல்கிறேன். சம்பாவோ தாளடியோ முற்றி, அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, மண் மெழுகு பதத்தில் இருக்கையில், நிற்கிற நெல்லுக்குள் விதையை வீசிவிடுகிறோம். தை தொடங்கி மாசி முதல் பாதி வரை இந்த வேலை நடக்கும். உழவு கிடையாது. தொழு உரம் போட வழியில்லை. அடியுரம் போட்டாலும் அது நெல்லின் காலடியில் சேற்றின் மேல் கிடக்கும். பெரும்பாலான வயல்களில் அதற்குப் பின் பாசனமும் கிடையாது. மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியும்தான். அறுபத்தைந்து, எழுபது நாளில் பயிர் முடிந்துவிடும்.

மற்றப் பயிர்களில் உழவன் தலையிடப் பத்து இடங்கள் உண்டு. இந்தப் பயிரில் இரண்டே இரண்டு. விதைக்கு முன் விதையின் மேல் செய்வது. பூக்கும் நேரத்தில் இலையின் மேல் தெளிப்பது. இலைத் தெளிப்பைப் பற்றி ஊரெல்லாம் பேசியாகிவிட்டது. விதையில் ரைசோபியம் என்ற வேர்முடிச்சுப் பாக்டீரியாவைக் கலக்கும் விதை நேர்த்தியைப் பற்றியும் பேசுகிறோம்தான். ஆனால் ஒரு சடங்கைப் போலவே அதைச் செய்துவருகிறோம். அதனால்தான் பலன் சில வயலில் தெரிகிறது, சில வயலில் தெரிவதில்லை. பலன் தெரியாதபோது 'ரைசோபியம் வேலை செய்யாது' என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது வயல் வரை உயிரோடு போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1880-களில் ஜெர்மனியில், பெர்ன்பர்க் என்ற ஊரின் ஆராய்ச்சி நிலையத்தில், ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர் தொட்டிகளில் மணலை நிரப்பி ஓட்ஸ் பயிரையும் பட்டாணியையும் வளர்த்தார்கள். ஓட்ஸ் கணக்குப் பிசகாமல் நடந்துகொண்டது. நைட்ரேட் கூடக் கூட விளைச்சல் கூடியது; நைட்ரேட் இல்லாவிட்டால் பயிர் வாடியது. பட்டாணிக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை. ஒரே மாதிரி தயாரித்த தொட்டிகளில் ஒன்றில் செடி செழித்தது, பக்கத்துத் தொட்டியில் பட்டினி கிடந்தது. பலர் இதைப் பரிசோதனைப் பிழை என்று ஒதுக்கியிருப்பார்கள். இவர்கள் ஒதுக்கவில்லை. செழித்த செடிகளின் வேரில் முடிச்சுகள் இருந்தன. பட்டினி கிடந்தவற்றில் இல்லை. மணலைச் சூடாக்கிக் கிருமி நீக்கினால் முடிச்சே வருவதில்லை. அந்த மணலில் வயல் மண்ணைக் கரைத்த நீரைச் சிறிது ஊற்றினால் செடி எழுந்துகொள்கிறது. அந்த நீரையே கொதிக்கவைத்து ஊற்றினால் எழுவதில்லை. ஆக, மண்ணில் இருந்த ஏதோ ஓர் உயிர்தான் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு வாங்கித் தருகிறது என்று 1886-இல் பெர்லினில் கூடிய அறிவியலாளர்கள் முன் அறிவித்தார்கள். 1888-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பைஜரிங்க் அந்தப் பாக்டீரியாவை முடிச்சிலிருந்து தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார்.

அதே சோதனையில் இன்னொரு செய்தியும் இருந்தது. பட்டாணியை எழுப்பிய மண்கரைசல் லூப்பின் என்ற இன்னொரு பயறினச் செடியை எழுப்பவில்லை. லூப்பின் விளைந்த நிலத்து மண்ணைக் கொண்டுவந்த பிறகே அதற்கு முடிச்சு வந்தது. எந்தப் பயிருக்கு எந்தப் பாக்டீரியா என்ற பொருத்தம் அன்றே தெரிந்துவிட்டது. இன்று உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, துவரை, நிலக்கடலை ஆகியவை ஏறத்தாழ ஒரே கூட்டத்துப் பாக்டீரியாவை ஏற்கும் என்றும், கொண்டைக்கடலைக்கும் சோயாவுக்கும் தனித்தனி வகை வேண்டும் என்றும் சொல்கிறோம். ரைசோபியம் பொட்டலத்தின் மேல் பயிரின் பெயர் அச்சிட்டிருப்பது இதற்காகத்தான். கடையில் கையில் கிடைத்த ரைசோபியத்தை வாங்கி வந்து எந்தப் பயறுக்கும் கலக்கக்கூடாது.

1896 வாக்கில் நோபே, ஹில்ட்னர் என்ற இரு ஜெர்மானியர்கள் பாக்டீரியாவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, பயிருக்கு ஒரு புட்டி என்று 'நைட்ரஜின்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்க வேளாண் துறையில் இருந்த ஜார்ஜ் மூர் இன்னும் எளிய ஒரு வழியைக் கண்டார். பாக்டீரியாக் கரைசலில் பஞ்சைத் தோய்த்து, உலர்த்தி, அஞ்சலில் அனுப்பிவிடுவது. பத்திரிகைகள் கொண்டாடின. உழவர்கள் ஆயிரக்கணக்கில் கேட்டு வாங்கினார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஆராய்ச்சி நிலையத்தில் அந்தப் பஞ்சை வாங்கிச் சோதித்தபோது, உலர்ந்த பஞ்சில் பாக்டீரியா பெரும்பாலும் செத்துப்போயிருந்தது தெரியவந்தது.   வழியில் உயிர் போய்விட்டது, அவ்வளவுதான். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த அதே தவறு இன்றைக்கும் நம் கடைகளிலும் களத்துமேட்டிலும் நடந்துகொண்டிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, பொடி வடிவ ரைசோபியத்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். 200 கிராம் பொட்டலத்தில் 1,000 கோடி. பெரிய எண்தான். உளுந்தில் நூறு விதை சுமார் நாலரை கிராம். கிலோவுக்கு ஏறத்தாழ 22,000 விதை. நெல் தரிசில் ஏக்கருக்குப் பத்து கிலோ என்று வைத்துக்கொண்டாலும் இரண்டேகால் லட்சம் விதை. ஏக்கருக்கு ஒரு பொட்டலம் என்று 1,000 கோடியை வகுத்தால் விதை ஒன்றுக்கு 45,000 பாக்டீரியா வருகிறது. உளுந்து அளவுள்ள விதைக்கு, மண்ணில் விழும் நேரத்தில் பத்தாயிரமாவது உயிரோடு இருக்க வேண்டும் என்பது நுண்ணுயிரியலாளர்கள் பொதுவாக ஏற்கும் அளவு. ஆக, பொட்டலம் முழுத் தரத்தோடு கைக்கு வந்தாலும், ஐந்தில் நான்கு செத்துப்போனால் அந்த அளவுக்குக் கீழே போய்விடுகிறோம். நாற்பது டிகிரிக்கு மேல் சூடேறும் இடத்தில் பொட்டலம் சில நாள் கிடந்தால் அந்த இழப்பு நேர்ந்துவிடும். கலந்த விதையை வெயிலில் பரப்பினால் அதற்குச் சில மணி நேரமே போதும்.

அதனால் பொட்டலத்தை நாம் பார்க்கிற பார்வை மாற வேண்டும். நம் வேளாண் பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகளாகப் பழுப்பு நிலக்கரித் தூளைத்தான் இதற்கு ஊடகமாகப் பயன்படுத்திவருகிறது. அந்தக் கறுப்புத் தூளைப் பார்க்கிறவர்களுக்கு அது உரமாகவே தெரிகிறது. யூரியா மூட்டைக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே அடுக்கிவைக்கிறார்கள். யூரியா மூன்று ஆண்டு கிடந்தாலும் யூரியாதான். இது ஈரமும் குளிர்ச்சியும் கேட்கிற உயிர். காலாவதி நாளைப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய பொட்டலத்தை வீட்டில் மண்பானைக்குப் பக்கத்தில், நிழலான மூலையில் வையுங்கள். பூச்சிமருந்து வைக்கும் அலமாரியில் வைக்காதீர்கள். பொட்டலத்துக்குள் தூள் காய்ந்து பறக்கிற நிலையில் இருந்தால் அதை நம்பாதீர்கள். இப்போது திரவ வடிவிலும் கிடைக்கிறது. மில்லிக்குக் குறைந்தது 10 கோடி இருக்க வேண்டும் என்பது அதற்கான விதி. வெயிலையும் வறட்சியையும் தாங்கப் பொருள்கள் சேர்த்திருப்பதால், நம் தட்பவெப்பத்துக்குத் திரவமே மேல் என்பது என் எண்ணம்.

இப்போது விதை நேர்த்தி செய்யும் முறைக்கு வருவோம். இங்கேதான் அதிகம் பிசகுகிறது. பிசகுவது வரிசையில்.

உளுந்துக்கு வேரழுகல் பயம் உண்டு. வெள்ளை ஈ கொண்டுவரும் மஞ்சள் தேமல் பயமும் உண்டு. அதனால் பூஞ்சாணக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் விதைக்குத் தேவைப்படுகின்றன. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டி, ரைசோபியத்தையும் அதோடு சேர்த்துக் குலுக்கி விதைக்கிறோம். கார்பென்டாசிம், திரம் போன்றவை நாம் கலக்கும் பாக்டீரியாவுக்கும் தீங்கு செய்பவை. பூஞ்சாணக்கொல்லி போட்டே ஆக வேண்டும் என்றால் கிலோவுக்கு 2 கிராம் வீதம் முதல் நாளே போட்டுவிடுங்கள். பூச்சிக்கொல்லி அதற்கு அடுத்து. இருபத்து நான்கு மணி நேரம் கழித்து, கடைசியாக, விதைக்கும் நேரத்தில் ரைசோபியம். முடிந்தால் இரசாயனத்தை விட்டுவிட்டு, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் போடுவது இதைவிட நல்லது. இவை ரைசோபியத்தோடு ஒத்துப்போகும். ஆனால் பூஞ்சாணக்கொல்லி போட்ட விதையில் டிரைக்கோடெர்மாவைப் போடுவது வீண். டிரைக்கோடெர்மாவே ஒரு பூஞ்சாணம்.

பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி ஹெக்டேருக்கு ரைசோபியம் 600 கிராம், மணிச்சத்தை விடுவிக்கும் பாஸ்போபாக்டீரியா 600 கிராம். நன்றாக ஆறிய அரிசிக் கஞ்சியில் இரண்டையும் குழைத்து, விதை மேல் பூச்சாகப் படியும்படி புரட்டி, நிழலில் கால் மணி நேரம் உலர்த்தி உடனே விதைப்பது. சின்னச் சின்ன விஷயங்கள் இதில் கவனத்துக்குரியவை. கஞ்சியில் உப்பு இருக்கக்கூடாது. சூடு துளியும் இருக்கக்கூடாது. உளுந்தின் தோல் மெல்லியது. கஞ்சி நீர்த்துப்போனால் தோல் ஊறிச் சுருங்கி, புரட்டும்போது உரிந்துவிடும். கெட்டியாக, கொஞ்சமாக ஊற்றினால் போதும். காலையில் கலந்து மாலை வரை சாக்கில் வைத்திருப்பதைவிட, எவ்வளவு விதைக்கப்போகிறோமோ அவ்வளவை மட்டும் கலப்பது நல்லது. நெல் தரிசில் இயற்கை நமக்கு ஓர் உதவி செய்கிறது. விதை விழும் இடம் ஈரமான மண். மேலே நிற்கிற நெல்லின் நிழல். மானாவாரிக் காட்டில் சூடான புழுதியில் விழும் விதையைவிட இங்கே பாக்டீரியாவுக்குப் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல். காலை இளவெயிலிலோ பொழுது சாய்ந்த பிறகோ வீசினால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும்.

மண்ணிலேயே ரைசோபியம் இருக்கிறதே, பிறகு எதற்கு நாம் கலக்க வேண்டும்? நியாயமான கேள்வி. விதை நேர்த்திக்குப் பிரேசில் சோயாவை உதாரணம் காட்டுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அங்கே ஜோஹன்னா டோபரெய்னர் என்ற அம்மையார் 1960-களிலேயே, சோயாவுக்கு நைட்ரஜன் உரம் வேண்டாம், பாக்டீரியாவே போதும் என்று வாதாடினார். இன்று பிரேசிலின் பரந்த சோயாப் பரப்பு ஏறத்தாழ யூரியா இல்லாமலே விளைகிறது. அவர் வழியில் வந்த மரியாஞ்செலா ஹங்ரியா, ஒவ்வோர் ஆண்டும் விதைக்குப் பாக்டீரியா கலந்தால் சராசரியாக 8 சதவீதம் விளைச்சல் கூடுகிறது என்று காட்டினார். அசோஸ்பைரில்லம் என்ற இன்னொரு பாக்டீரியாவையும் சேர்த்துக் கலக்கும் முறையைப் பரப்பினார். 2025-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அங்கே விதை ஒன்றுக்குப் பரிந்துரைப்பது 12 லட்சம் பாக்டீரியா. நம்முடைய 45,000-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் சோயா அந்த நாட்டுக்கு வந்தேறிய பயிர். அதற்கேற்ற பாக்டீரியா அங்கே மண்ணில் இல்லை, கொண்டுபோனது குடியேறிவிட்டது. உளுந்தோ இந்த மண்ணின் பயிர். அதற்கு முடிச்சுப் போடும் பாக்டீரியா நம் வயலில் ஏற்கெனவே உண்டு. சோம்பேறிக் கூட்டமும் அதில் கலந்திருக்கும். வேரில் இடம் பிடிக்கும், செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும், நைட்ரஜன் கொஞ்சமாகவே தரும். நாம் கலக்கும் நல்ல இனம் அவற்றோடு போட்டியிட வேண்டும். ஆகவே சோயாவுக்கு பிரேசிலில் கிடைத்தது போன்ற உறுதியான பலனை எல்லா உளுந்து வயலிலும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. சில வயலில் வித்தியாசம் தெரியாமலும் போகலாம். அதை உழவரிடம் மறைக்கக்கூடாது.

அப்படியிருந்தும் நெல் தரிசுக்கு நான் இதை வற்புறுத்துவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. மாதக்கணக்கில் நீர் தேங்கி, காற்றுப் புகாத சேறாகக் கிடந்த வயலில் இந்தப் பாக்டீரியாவின் எண்ணிக்கை பெரும்பாலும் குறைந்திருக்கும். போட்டி குறைவான நேரம் அது. அதைவிடப் பெரிய காரணம் நாள் கணக்கு. பாக்டீரியா நுழைவது வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் இளம் வேர்த்தூவி வழியாக. வேர் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடும். பாக்டீரியா பதிலுக்கு ஒன்றைச் சுரக்கும். தூவி வளைந்து அதை உள்ளே ஏற்கும். முளைத்த முதல் நாள்களிலேயே இது நடந்தால் ஆணிவேரின் மேல்பகுதியில் முடிச்சு வரும், மூன்றாம் வாரத்தில் வேலை தொடங்கும். முப்பது முப்பத்தைந்து நாளில் உளுந்து பூத்துவிடுகிறது. அதற்கு முன் கிடைக்கும் நைட்ரஜன்தான் இலையாகும், இலைதான் காயாகும். மண்ணில் அங்கங்கே இருக்கும் பாக்டீரியா பக்கவேர்களைத் தேடிப் பிடித்துத் தாமதமாக முடிச்சுப் போடுவது ஆறு மாதத் துவரைக்குப் பரவாயில்லை. எழுபது நாள் உளுந்துக்கு அந்தத் தாமதம் கட்டுப்படியாகாது.

எவ்வளவு நைட்ரஜன் வேண்டும்? ஏக்கருக்கு 400 கிலோ உளுந்து எடுத்தால் அதில் புரதம் சுமார் 96 கிலோ. அந்தப் புரதத்துக்குள் மட்டும் 15 கிலோ தழைச்சத்து இருக்கிறது. இலை, தண்டு, வேர் தனி. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதே 20 கிலோ சொச்சம். அடியுரம் இல்லாத வயலில் இவ்வளவும் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆனால் அதன் ஒரு மூலக்கூறை உடைத்து அம்மோனியாவாக்க பாக்டீரியா ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறுகளில் 16-ஐச் செலவிடுகிறது. ஏ.டி.பி. உண்டாக மணிச்சத்து வேண்டும். ரைசோபியத்தோடு பாஸ்போபாக்டீரியாவைச் சேர்த்துக் கலக்கச் சொல்வது இதனால்தான். நீர் நின்றபோது கரைந்திருந்த மணிச்சத்து, வயல் காயக் காய மறுபடி மண்ணோடு பிடித்துக்கொள்ளும். அதை அமிலம் சுரந்து விடுவிக்க வேருக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

மாலிப்டினம் பற்றியும் ஒரு வார்த்தை. நைட்ரஜனை உடைக்கும் நொதியின் நடுவிலேயே இருக்கும் உலோகம் அது. ஏக்கருக்குச் சில கிராம் போதும் என்பதால் விதை வழியே கொடுப்பதுதான் சுலபமான முறை. ஆனால் கார மண்ணில் அது தானாகவே கிடைக்கும். குறைபாடு வருவது புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துச் செம்புறைப் புளிப்பு மண்ணில். டெல்டாக் களிமண்ணில் எல்லோரும் அதை வாங்கிப் போட வேண்டியதில்லை. போடுகிறவர்களும் அந்த உப்பை ரைசோபியத்தோடு ஒரே குழம்பாகக் கலக்காதீர்கள். பாக்டீரியாவுக்கு அது ஆகாது.

இவ்வளவும் செய்த பிறகு பலன் வந்ததா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. இருபத்தைந்தாம் நாளில், வயலில் ஐந்தாறு இடங்களில், செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே நின்றுவிடும். தண்ணீரில் அலசி, ஆணிவேரின் மேல்பகுதியைப் பாருங்கள். முடிச்சுகள் அங்கே கூட்டமாக இருந்தால் நீங்கள் விதையில் கலந்தது பிழைத்திருக்கிறது என்பதற்கு நல்ல அறிகுறி. பக்கவேர்களில் மட்டும் சிதறிக் கிடந்தால் பெரும்பாலும் அது மண்ணில் இருந்த கூட்டம். நகத்தால் ஒரு முடிச்சைக் கீறுங்கள். உள்ளே இரத்தச் சிவப்பாகவோ நல்ல இளஞ்சிவப்பாகவோ இருந்தால் வேலை நடக்கிறது. நம் இரத்தத்தில் இருப்பதற்கு உறவான ஒரு நிறமி அது. நைட்ரஜன் பிடிக்கும் நொதியை ஆக்சிஜன் கெடுத்துவிடாமல் அளந்து கொடுப்பது அதன் வேலை. வெள்ளையாக இருந்தால் முடிச்சு இன்னும் தொடங்கவில்லை, அல்லது பயனற்றது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் காலம் முடிந்துவிட்டது. எத்தனை முடிச்சு என்பதைவிட எத்தனை சிவப்பு என்று எண்ணுங்கள்.

இந்த அவையில் வேளாண் துறை அலுவலர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் இரண்டு வேண்டுகோள். உயிர் உரத்தை விற்பனை நிலையம் வரை குளிர்ச்சியாகக் கொண்டுவந்து, அங்கேயும் குளிர்ச்சியாக வைக்க ஏற்பாடு வேண்டும். ஒரு குளிர்பதனப் பெட்டியின் விலை, செத்த பொட்டலங்களை ஊர் ஊராக வழங்கும் செலவோடு ஒப்பிட்டால் பெரிதில்லை. இரண்டாவது, தயாரிக்கும் இடத்தில் எடுக்கும் மாதிரியோடு சோதனையை நிறுத்திவிடாதீர்கள். தை மாதத்தில், உழவர் வாங்கும் கடையிலிருந்தே பொட்டலத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள். வேளாண் கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய எளிய சோதனைதான் அது. வந்த எண்ணிக்கையை அந்தக் கடையின் வாசலிலேயே எழுதி ஒட்டுங்கள்.

உழவர் பெருமக்களுக்கு: இந்தத் தை மாதம் வயல் முழுவதையும் ஒரே மாதிரி செய்யாதீர்கள். ஒரு மூலையில் கால் ஏக்கரை ரைசோபியம் கலக்காத விதையால் விதையுங்கள். மற்றதெல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். இருபத்தைந்தாம் நாளில் இரண்டு பக்கமும் தோண்டிப் பாருங்கள். பூக்கும்போதும் பதினைந்து நாள் கழித்தும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசலை இரு பக்கமும் தெளியுங்கள். காய் பிடிக்கும் காலத்தில் முடிச்சுகள் ஓயத் தொடங்குவதால் அது எப்படியும் தேவை. கதிரடித்த பின் இரண்டையும் தனித்தனியே எடை போட்டு, மண் வகையையும் பொட்டலத்தின் தயாரிப்பு நாளையும் சேர்த்து எழுதி உங்கள் வட்டார வேளாண் அலுவலகத்தில் கொடுங்கள். எந்தக் கிராமத்தில் பலன் வருகிறது, எங்கே வரவில்லை என்ற கணக்கு அப்போதுதான் கிடைக்கும். அந்தக் கணக்கை வைத்துப் பேச அடுத்த ஆண்டு இதே மேடையில் உங்களில் ஒருவருக்கு இடம் கொடுக்குமாறு அறக்கட்டளையாரைக் கேட்டுக்கொள்கிறேன்.